தனகோடி இல்லம் குழு: ஆயா பிறந்த வருஷம்

நான்: எல்லோருக்கும் வணக்கம். ஆயாவின் காரியப் பத்திரிகையை இன்று ராத்திரி எட்டு மணிக்குள் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். நாளைக்கு என்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் கைக்கு வராதாம். தோற்றம், மறைவு என்று வரும் இடத்தில் தோற்றத்துக்கு என்ன வருஷம் போடட்டும்? ஆதாரில் 1.1.1938 இருக்கிறது.

ரம்யா அக்கா: 1938ஆ??

பாண்டி அத்தை: தப்பு

சித்தப்பா நெய்வேலி: ஆதாரில் இருப்பதையே போடு

துபாய் முரளி: நான் ஆயாவுக்கு 95 என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்

கலா சித்தி: போட்டோ எது? ரேஷன் கார்டு போட்டோ மட்டும் வேண்டாம். அதில் அத்தை முறைத்துக்கொண்டு இருப்பார்கள்.

ரம்யா அக்கா: சித்தி, கடலூர் சில்வர் பீச்சில் காற்றில் முந்தானை பறக்க நிற்குமே, அது

கலா சித்தி: அதில் பக்கத்தில் சுண்டல்காரர் நிற்கிறார்

ரம்யா அக்கா: வெட்டிவிடலாம்

பெரியப்பா: அனைவருக்கும். ஆதாரில் ஜனவரி 1 என்று இருந்தால் பெரும்பாலும் அது கேட்டு எழுதிய வயதுதான் என்று தெரிந்துகொள்ளுங்கள். அம்மாவிடம் என்ன வயது என்று கேட்டிருப்பார்கள், அம்மா வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கும். சரியான கணக்கை நான் சொல்கிறேன். அம்மாவுக்குப் பிறந்த ஊர் பாகூர். அப்போது அது பிரெஞ்சு எல்லை. கல்யாணம் 1953 ஆனியில், கடலூர் பக்கம் திருவந்திபுரத்தில். பெண் வீட்டார் மூன்று மாட்டு வண்டியில் வந்தார்கள். எல்லைச் சாவடியில் வண்டியை நிறுத்தி, சீர்ப் பாத்திரம் ஒவ்வொன்றையும் இறக்கி எண்ணிப் பார்த்துத்தான் விட்டார்கள். அதில் வந்த பித்தளை அண்டாதான் இன்றைக்கும் மஞ்சக்குப்பம் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறது.

பாண்டி அத்தை: அந்த அண்டா எனக்கு என்று அம்மா சொன்னது. அதுவும் இருக்கட்டும்.

சித்தப்பா நெய்வேலி: இப்போது அண்டா எதற்கு அக்கா

பெரியப்பா: நான் முடிக்கவில்லை. 1954 அக்டோபர் 18 கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். நவம்பர் 1 அன்று பாண்டிச்சேரி நம் கைக்கு வந்தது. அப்போது நான் அம்மா வயிற்றில் ஏழு மாதம். அதுவரை எல்லையில் கெடுபிடி, வளைகாப்பு முடிந்தும் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக முடியவில்லை. நவம்பரில்தான் தாத்தா வண்டி கட்டிக்கொண்டு வந்து கூட்டிப் போனார். சாவடியில் ஒருவர்கூட நிறுத்திக் கேட்கவில்லையாம். “உன்னை வைத்துக்கொண்டு ராணி மாதிரி போனேன்டா” என்று அம்மா சொல்லும். நான் 1955 தையில் பாகூரில் பிறந்தேன்.

துபாய் முரளி: பெரிய மாமா, உங்கள் வயது தெரிந்துவிட்டது. ஆயா வயது?

ரம்யா அக்கா: 😂

பாண்டி அத்தை: அண்ணாவைக் கிண்டல் பண்ணாதே முரளி

சித்தப்பா நெய்வேலி: சொல்வதைக் கேளுங்கள். இறப்புச் சான்றிதழில் ஆதாரை வைத்து 87 என்று ஏறிவிட்டது. வாரிசு சான்றிதழ் வாங்க வேண்டும், வீட்டுப் பட்டா மாற்ற வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதுதான் நல்லது.

பெரியப்பா: பத்திரிகையைக் கொண்டுபோய் தாலுகா ஆபீசில் யாரப்பா கொடுக்கப்போகிறார்கள்? அம்மாவுடைய ஆயுசை ஐந்து வருஷம் குறைத்துப் போட எனக்கு மனசு வரவில்லை.

கலா சித்தி: படையலுக்கு லிஸ்ட் போட்டிருக்கிறேன். முதல் நாள் ராத்திரி கிழங்கான் மீன் குழம்பு, மாங்காய் போட்டு. முட்டை, வறுவல். காரியத்தன்று வடை, பாயசம், வாழைக்காய், பூசணிக்காய் கூட்டு. வேறு ஏதாவது?

பாண்டி அத்தை: ரொட்டி

கலா சித்தி: சப்பாத்தியா அண்ணி?

பாண்டி அத்தை: நீட்டு ரொட்டி. நம் பாண்டி ரொட்டி. காலையில் அதைப் பிய்த்துக் காபியில் தோய்க்காமல் அம்மா என்றைக்காவது வெளியே வந்ததுண்டா? நான் வாங்கிக்கொண்டு வருகிறேன்.

கலா சித்தி: இலையில் ரொட்டி வைப்பதா என்று ஐயர் கேட்பாரே

பாண்டி அத்தை: ஐயர் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்

ரம்யா அக்கா: ஓரத்தை எனக்குக் கொடுக்கும், நடுவை அது தின்னும். பல் இல்லாததால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பல் இருந்தபோதும் அப்படித்தான் என்று அத்தை சொன்னபோதுதான் தெரிந்தது, எனக்கு ஓரம் பிடிக்கும் என்பதற்காக.

துபாய் முரளி: 😢

நான்: அச்சகத்திலிருந்து போன். வருஷம் சொல்லுங்கள்.

பாண்டி அத்தை: 1933. காந்தி பாண்டிச்சேரிக்கு வந்தபோது அம்மா கைக்குழந்தை.

சித்தப்பா நெய்வேலி: பாண்டிச்சேரியில் எல்லா ஆயாவும் இதைத்தான் சொல்கிறார்கள் அக்கா

பெரியப்பா: இல்லை தம்பி, இது உண்மை. காந்தி வந்தது 1934 பிப்ரவரி 17. அரிசன நிதி திரட்டிக்கொண்டு ஊர் ஊராக வந்த வருஷம் அது. பெண்கள் கூட்டத்திலேயே நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள். நம் பாட்டியிடம் கொடுக்க வேறு எதுவும் இல்லை. இடுப்பில் இருந்த குழந்தையின் கையிலிருந்து வெள்ளிக் காப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டது. குழந்தை வீறிட்டு அழுததாம். ஊரில் எந்தக் கட்சிக்காரன் நன்கொடைக்கு வந்தாலும் அம்மா சொல்லும், “என் காப்பைக் காந்தியே வாங்கிட்டுப் போயிட்டாரு, உனக்கு என்ன குடுக்கறது?” என்று. காப்பு கழன்று வரும் கை என்றால் குழந்தைக்கு ஒரு வயதுக்குள்தான் இருக்கும்.

துபாய் முரளி: அந்த வசனத்தை நானே கேட்டிருக்கிறேன்

ரம்யா அக்கா: நானும். தேர்தலுக்குத் தேர்தல்.

சித்தப்பா நெய்வேலி: சரி

சித்தப்பா நெய்வேலி: ஆனால் சான்றிதழ்?

பாரிஸ் மாமா: வணக்கம். இப்போதுதான் பார்த்தேன். அத்தையின் படத்தைப் பார்த்ததிலிருந்து வேலை ஓடவில்லை. இங்கே பிரெஞ்சு அரசு கொடுத்த குடும்பப் புத்தகத்தில் அப்பா பிறந்தது 1930, பாகூர் என்று இருக்கிறது. தங்கைக்கும் எனக்கும் மூன்று வயது வித்தியாசம் என்று அப்பா எப்போதும் சொல்வார்.

பெரியப்பா: பார்த்தீர்களா. 1933.

பாண்டி அத்தை: நான் முதலிலேயே சொன்னேன்

துபாய் முரளி: பாரிஸ் மாமா, ஆயாவும் அன்றைக்கு பிரெஞ்சுக் குடியுரிமைக்குக் கையெழுத்தைப் போட்டிருந்தால் நாங்களும் உங்கள் தெருவில்தான் இருந்திருப்போம்

கலா சித்தி: ஆரம்பித்துவிட்டான்

சித்தப்பா நெய்வேலி: முரளி சொல்வதில் தப்பு என்ன? 62இல் அதற்கு ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். அம்மாவின் அண்ணன் சைகோன் மாமா பாகூரிலிருந்து வந்து, விசாரிப்போம் வா என்று கையைப் பிடித்துக் கூப்பிட்டார். அம்மா எழுந்திருக்கவே இல்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா வீட்டுக்காரர்கள் இன்றைக்கு எப்படி இருக்கிறார்கள், நாம் எப்படி இருக்கிறோம்.

பெரியப்பா: அப்பாவுக்குக் கடலூரில் வேலை, நமக்குப் பள்ளிக்கூடம். எதை விட்டுவிட்டுப் போகும்? அப்புறம், அம்மாவே என்னிடம் சொன்னது: “ஒருத்தன் கப்பல் ஏறினதே போதும். ரெண்டு பேரும் போயிட்டா எங்க அம்மா யாரு மூஞ்சியைப் பார்க்கும்?”

பாரிஸ் மாமா: அப்பா ராணுவத்தில் சைகோனில் இருந்த வருஷங்களில் வீட்டிலிருந்து மாதம் தவறாமல் கடிதம் எழுதியது அத்தைதான். அப்பா ஒன்றைக்கூடத் தொலைக்கவில்லை. பெட்டியில் இருக்கிறது. ஸ்கேன் செய்து அனுப்புகிறேன்.

ரம்யா அக்கா: ஆயாவுக்கு எழுதத் தெரியுமா???

பாண்டி அத்தை: பாகூர் பள்ளிக்கூடத்தில் படித்தது. பிரெஞ்சில் போன்ழூர் என்று வணக்கம் கூடச் சொல்லும்.

துபாய் முரளி: இது எனக்குத் தெரியவே தெரியாது

ரம்யா அக்கா: வங்கியில் கைநாட்டுதானே வைத்தது?

கலா சித்தி: கை நடுங்க ஆரம்பித்த பிறகு அப்படி. கையெழுத்து மாறுகிறது என்று திருப்பித் திருப்பிப் போடச் சொன்னார்கள். அத்தை மை டப்பாவை இழுத்து வைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு நான்தான் கூடப் போயிருந்தேன். வீட்டுக்கு வரும்வரை பேசவே இல்லை.

அப்பா: 🙏

நான்: கடிதங்களை அனுப்புங்கள் மாமா. எல்லோரும் வந்திருக்கும்போது படிக்கலாம். இப்போது 1933 என்று கொடுக்கட்டுமா?

சித்தப்பா நெய்வேலி: வருஷமே போடாமல் மறைவு தேதி மட்டும் போட்டால்?

பெரியப்பா: கூடாது. 92 வயது வாழ்ந்த மனுஷி. தானே புயலில் ஓடு பறந்தபோது முறத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மாட்டை அவிழ்த்துவிடப் போனது. போன ஃபெஞ்சல் வெள்ளத்தில், சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டார்கள், பெண்ணையாறு ஏறுகிறது என்று எல்லோரும் பதறியபோது, முதலில் எதிர்வீட்டுக் கைக்குழந்தையைத் தூக்கு என்றது.

நான்: அந்தக் குழந்தையின் அம்மா இன்று காலையிலும் வந்து அழுதுவிட்டுப் போனார் பெரியப்பா

பாண்டி அத்தை: பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் பழைய பிறப்புப் பதிவு இருக்கும். திங்கள்கிழமை நான் போய்க் கேட்கிறேன்.

சித்தப்பா நெய்வேலி: காரியம் ஞாயிறு அக்கா

பாண்டி அத்தை: இருக்கட்டும். எனக்குத் தெரிய வேண்டும். தேதியும் கிடைத்தால் வருஷா வருஷம் பிறந்தநாளுக்கும் படைக்கலாம்.

துபாய் முரளி: வருகிறவர்கள் பாண்டியில் பெட்ரோல் போட்டுக்கொண்டு வாருங்கள். அப்புறம் மேளக்காரர்களுக்கு ஏதாவது வாங்கி வர வேண்டுமா?

கலா சித்தி: ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் பாட்டிலோடு மாட்டிக்கொண்டால் காரியத்தன்று யாரும் ஸ்டேஷனுக்கு வர மாட்டோம். ஒன்றும் வேண்டாம்.

துபாய் முரளி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நான்: இன்னொன்று. பத்திரிகையில் பெயர் வரிசை. மகன்கள், மகள், மருமக்கள், பேரன் பேத்திகள். பெரிய அத்தான் பெயர்?

ரம்யா அக்கா: 🤐

பாண்டி அத்தை: போட வேண்டாம்

பெரியப்பா: போட வேண்டும். அம்மா கடைசிவரை அவன் சாப்பிட்டானா என்று கேட்டது.

சித்தப்பா நெய்வேலி: இதைப் போனில் பேசிக்கொள்ளலாம் அண்ணா

நான்: மணி ஏழே முக்கால்

அப்பா: எதையும் கொடுத்துவிடாதே. அச்சகத்துக்கு நானே வருகிறேன்.