வரி ஏறிய தேதியும் தெரிந்த தேதியும்: டைனாரே அனுபவங்கள்

ஜப்பானின் நுகர்வு வரியை டைனாரேயில், அதாவது பொருளாதார மாதிரிகளைத் தீர்க்கும் மென்பொருளில், மாதிரியாக்கும் வேலை ஒன்றில் கொஞ்ச காலம் இருந்தேன். காலத்தோடு மாறும் கொள்கை அதிர்ச்சிக்கு நிரல் எழுதிப் பழக இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

2012 ஆகஸ்டில் சட்டம் நிறைவேறியது. 5 சதவீத வரி 2014 ஏப்ரலில் 8 ஆகும், 2015 அக்டோபரில் 10 ஆகும் என்றது. முதல் உயர்வு சொன்னபடி வந்தது. இரண்டாவதை 2014 நவம்பரில் பிரதமர் ஷின்சோ அபே 2017 ஏப்ரலுக்குத் தள்ளினார். 2016 ஜூனில் மறுபடியும் தள்ளினார், இந்த முறை 2019 அக்டோபருக்கு.

எங்கள் கைக்கு வந்த நிரலில் நடந்து முடிந்த வரிப் பாதை மட்டும்தான் இருந்தது. அதை முழு முன்னறிவுத் தீர்வியில் (வரப்போவது எல்லாம் எல்லோருக்கும் முன்பே தெரியும் என்று கொண்டு கணக்கிடும் முறை) போட்டால், 10 சதவீதம் 2019-ல்தான் வரும் என்று மாதிரியில் உள்ள குடும்பங்களுக்கு 2012-லேயே தெரிந்துவிடுகிறது. இரண்டு ஒத்திவைப்புகளும் மாதிரிக்குள் நடக்கவே இல்லை! வரி ஏறுமுன் வாங்கிவிடும் அவசரத்தை அளக்க வந்த ஆய்வுக்கு இது அடிப்படையையே ஆட்டும் விஷயம்.

ஆகவே காலாண்டுகளை எண்ணினோம். 2012 மூன்றாம் காலாண்டு 1 என்றால், 2014 ஏப்ரல் வருவது 8-ஆம் காலாண்டில், 2015 அக்டோபர் வருவது 14-ஆம் காலாண்டில். இறுதி மதிப்பைச் சொல்லும் எண்ட்வால் பகுதியில் 0.10 கொடுத்துவிட்டால் முதல் காலாண்டிலிருந்தே வரி 10 சதவீதம் ஆகிவிடும். அதனால் இடைக்கால மதிப்புகளைத் தரும் ஷாக்ஸ் பகுதியில் 1:7-க்கு (1 முதல் 7 வரையான காலாண்டுகளுக்கு) 0.05, 8:13-க்கு 0.08 என்று பழைய விகிதங்களைப் பிடித்து வைக்க வேண்டும். அப்புறம் 10-ஆம் காலாண்டில் புதுச் செய்தி: 10:19-க்கு 0.08. 16-ல் இன்னொன்று: 16:29-க்கு 0.08. டைனாரே 5 முதல் இதற்கென்றே, ஒரு செய்தி எந்தக் காலாண்டில் தெரிய வந்தது என்று சொல்லும் ‘லர்ன்ட் இன்’ என்ற விருப்பம் இருக்கிறது. பழைய பதிப்பில் ஓட்டத்தை வெட்டி, மூலதன இருப்பைக் கையால் அடுத்த ஓட்டத்துக்குக் கடத்த வேண்டும்.

விடை சரியா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. மடக்கைப் பயன்பாட்டுச் சார்பில் (நுகர்வு தரும் திருப்தியை அதன் மடக்கையாக, log-ஆக, அளப்பது), உண்மை வட்டி மாறாமலிருந்தால், 2014 ஏப்ரலில் நுகர்வு 1.05/1.08 மடங்காக, அதாவது சுமார் 2.8 சதவீதம் விழ வேண்டும். கார், ஃப்ரிட்ஜ் போன்றவற்றைத் தனியாகச் சேர்த்தால் சரிவு இன்னும் ஆழமாகும்.

அபே முதல் உயர்வை உறுதி செய்தது 2013 அக்டோபர் 1 அன்றுதான். செய்தி அன்றுதான் வந்தது என்றும் வாதிடலாம். இரண்டு தொடக்கங்களையும் ஓட்டிக் காட்டுவதே நேர்மை என்பது என் கருத்து.

பதில்:
எனக்கு இதே சங்கதி அமெரிக்க வட்டி விகிதத்தில் வந்தது. 2011 ஆகஸ்ட் 9 அன்று ஃபெடரல் ரிசர்வ், குறைந்தது 2013 நடுப்பகுதி வரை வட்டி மிகத் தாழ்வாகவே இருக்கும் என்றது. பணவீக்கத்தையும் உற்பத்தியையும் பார்த்து வட்டியை நிர்ணயிக்கும் டெய்லர் விதியில் ஒரு காலாண்டு முன்பே தெரியும் விலகல், இரண்டு காலாண்டு முன்பே தெரியும் விலகல் என்று ஒவ்வொரு தொலைவுக்கும் தனி அதிர்ச்சி வைத்தேன். நிரல் சரியாகவே ஓடியது. ஆனால் வாக்குறுதி நீள நீள உற்பத்தியும் பணவீக்கமும் நம்ப முடியாத உயரத்துக்குப் போயின. பொருளாதார ஆய்வாளர்கள் டெல் நெக்ரோ, ஜியானோனி, பேட்டர்சன் ஆகியோர் ‘ஃபார்வர்ட் கைடன்ஸ் (வட்டி பற்றிய முன்கூட்டிய வாக்குறுதி) புதிர்’ என்றது இதைத்தான். கோளாறு நிரலில் இல்லை. தொலைதூர வட்டியையும் அடுத்த காலாண்டு வட்டியைப் போலவே கணக்கில் எடுக்கும் ஆய்லர் சமன்பாட்டில் (இன்றைய நுகர்வை நாளைய நுகர்வோடு இணைப்பது) இருக்கிறது. ஆறு மாதம் கழித்து வரும் வரிக்கு நன்றாக வேலை செய்யும் மாதிரியை இரண்டு வருட வாக்குறுதிக்கு அப்படியே நம்பாதீர்கள்.

பதில்:
ஓட்டத்தை வெட்டி ஒட்டுபவர்களுக்கு ஒரு சோதனை. 10-ஆம் காலாண்டில் புதுச் செய்தி எதுவும் தராமல் பழைய பாதையையே மறுபடி கொடுங்கள். இரண்டாம் ஓட்டம் முதல் ஓட்டத்தோடு அச்சு அசலாகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் முதலில் மூலதனத்தைப் பாருங்கள். டைனாரேயில் இருப்பு என்பது காலாண்டின் இறுதியில் உள்ளது. 10-இல் தொடங்கும் ஓட்டத்துக்கு 9-இன் மதிப்பைத்தான் தர வேண்டும்.