பள்ளி அணியில் ஓடும் மகளுக்கு விதிக்கப்படும் கட்டுப்பாடுகள்

கோத்தகிரி அப்பா:
பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் பள்ளித் தடகள அணியில் ஓடுகிறாள். காலைப் பயிற்சிக்கு இருமுறை வராதவர்கள் அடுத்த போட்டியில் பங்கேற்க முடியாது என்று எழுதிய தாளில் பெற்றோரின் கையெழுத்தைக் கேட்கிறார்கள். மூடுபனியில் முதல் பேருந்தே தாமதமாக வரும் ஊரில் இது நியாயமா?

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், குன்னூர்:
ஐயா, விதி தேவைதான். தொடரோட்டத்தில் ஒருவர் வராவிட்டால் கோலைக் கைமாற்றிப் பழக மற்ற மூவருக்கும் வழியில்லை. ஆனால் பேருந்துத் தாமதத்தையும் உடல்நலக் குறைவையும் விலக்காக அதே தாளில் எழுதித் தரும்படி கேளுங்கள். பள்ளி விளையாட்டுகள் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரிக்கப்படுவதால், பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் தேதியும் பள்ளிப் பதிவேட்டோடு ஒத்திருக்கின்றனவா என்று இப்போதே சரிபாருங்கள். போட்டி நாளில் மைதானத்தில் நின்று வாதிடுவது பிள்ளையின் மனத்தைத்தான் உடைக்கும்.

முன்னாள் வீராங்கனை, கொடைக்கானல்:
அண்ணா, குளிரில் சளி பிடித்தால் மருந்துக் கடையில் நீங்களாகவே மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். சில சளி மருந்துகளில் உள்ள சூடோஎபிட்ரின், போட்டியின்போது சிறுநீரில் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஊக்கமருந்தாகவே கருதப்படும் என்பதால், மகள் போட்டிகளில் ஓடுபவள் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பொதுத்தேர்வு ஆண்டு என்பதற்காக மட்டும் அவளுடைய ஓட்டத்தை நிறுத்திவிடாதீர்கள்.

கோத்தகிரி அப்பா:
இருவருக்கும் நன்றி. விலக்குகளை எழுத்தில் தரும்படி பள்ளியில் கேட்கிறேன். தந்துவிட்டால் மனநிறைவோடு கையெழுத்திடுவேன்.