ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங்ல மறுபடியும் 6... டாஸ்க் 2 கட்டுரைய எப்படித்தான் எழுதுறீங்க?

வார்டு_நைட்டூட்டி:
வணக்கம், நான் சென்னைல ஸ்டாஃப் நர்ஸ், யூகே போக ட்ரை பண்றேன். ஐஇஎல்டிஎஸ்ங்கிற இங்கிலீஷ் தேர்வுல அகாடமிக் பிரிவ ரெண்டு தடவ எழுதியாச்சு, லிசனிங் 7.5, ரீடிங் 7, ஸ்பீக்கிங் 7, ரைட்டிங் மட்டும் ரெண்டு தடவயும் 6. யூகேல நர்ஸ்கள பதிவு பண்ற கவுன்சிலான என்எம்சிக்கு ரைட்டிங்ல 6.5 இருந்தா போதும், அந்த அரை பேண்டு ஸ்கோருக்குத்தான் இவ்ளோ அழுகை. கோச்சிங்ல குடுத்த டெம்ப்ளேட்ட மனப்பாடமா வச்சிருக்கேன், "இன் திஸ் மாடர்ன் எரா"ன்னு ஆரம்பிச்சு "ப்ளெதோரா ஆஃப் பெனிஃபிட்ஸ்" (ஏராளமான நன்மைகள்) எல்லாம் போட்டு 290 வார்த்தை வரைக்கும் எழுதிடுறேன், கிராமரும் பெருசா தப்பு இல்லன்னு சார் சொல்றார். நேத்து வீட்ல எழுதிப் பாத்த கேள்வி: வயசானவங்கள குடும்பந்தான் பாத்துக்கணும்னு சிலர் சொல்றாங்க, முதியோர் இல்லந்தான் சரின்னு சிலர் சொல்றாங்க, ரெண்டு பக்கமும் பேசி உங்க கருத்தயும் சொல்லுங்க. நான் ஒரு பாரா இந்தப் பக்கம், ஒரு பாரா அந்தப் பக்கம், கடைசில ரெண்டுலயும் நல்லது கெட்டது இருக்குன்னு முடிச்சேன். எங்க தப்புன்னே புரியல.

பழைய_ஆறு:
கடைசில சொன்னீங்க பாருங்க, அங்கதான் சிஸ்டர். "உங்க கருத்தயும் சொல்லுங்க"ன்னு கேட்டிருக்கான், நீங்க நடுவுல நின்னுட்டு வந்துட்டீங்க. நானும் மூணு தடவ அப்படித்தான் 6 வாங்குனேன். ரெண்டு பக்கமும் சமமா பேசணும்னு நமக்கு ஒரு நெனப்பு, ஆனா பேசுறது வேற, நீங்க எங்க நிக்கிறீங்கங்கிறது வேற. முதல் பாராலயே உங்க நிலைப்பாட்ட சொல்லிடுங்க, அப்புறம் எதிர்ப்பக்கத்துக்காரங்க ஏன் அப்படி நெனைக்கிறாங்கன்னு நியாயமா சொல்லுங்க, அதுக்கப்புறம் அது எந்த இடத்துல உதைக்குதுன்னு காட்டுங்க. சார்ட், படத்த விவரிக்கிற டாஸ்க் 1ஐ விட டாஸ்க் 2க்கு ரெண்டு மடங்கு வெயிட்டேஜ், அதனால 60 நிமிஷத்துல 40 இதுக்குத்தான், அதுலயும் முதல் அஞ்சு நிமிஷம் நான் எழுதவே மாட்டேன், யோசிக்கிறது மட்டுந்தான். அது சரி, நீங்க வார்டுல இந்த விஷயத்த நேர்லயே பாத்திருப்பீங்கல்ல?

வார்டு_நைட்டூட்டி:
பாக்காம என்ன, போன மாசம் ஒரு அம்மா, டிமென்ஷியா, ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு கேட்டத் தொறந்துட்டு ரோட்டுக்குப் போயி விழுந்து இடுப்பெலும்பு ஒடஞ்சு வந்தாங்க. மருமக ஆறு மாசமா சரியா தூங்கல, பகல்ல வேலைக்கும் போறா. பாசத்துக்கு ஒரு கொறையும் இல்ல, ராத்திரி முழுக்க முழிச்சிருக்க ஆள்தான் இல்ல.

சிவப்புப்_பேனா:
நான் பத்து வருஷமா இந்தப் பாடம் எடுக்குறேன்மா. நீங்க இப்ப டைப் பண்ண இந்த நாலு வரிதான் பாரா, ப்ளெதோரா இல்ல. கேள்வித்தாள்லயே சொந்த அறிவு, அனுபவத்துல இருந்து உதாரணம் குடுங்கன்னு போட்டிருக்கு, ஆனா பாதிப் பேரு "ஒரு யுனிவர்சிட்டி ஆய்வு சொல்லுது"ன்னு இல்லாத ஆய்வ எழுதி வைக்கிறாங்க, ஆய்வுக்குன்னு தனி மார்க் எல்லாம் கெடையாது. உங்க கடைசி வரிய அப்படியே பாராவோட முதல் வரியா எடுத்துக்கோங்க: குடும்பத்துல பாசம் இருக்கு, ராத்திரி முழிச்சிருக்க ஆள் இல்ல. அடுத்து ஏன்னு சொல்லுங்க, வீட்ல ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க. அப்புறம் அந்த அம்மா கதை, ரெண்டே வாக்கியம், பேரு ஊரு வேண்டாம். அதனால இந்த மாதிரி நோய் முத்துன நிலைல இல்லம் நல்லது, மத்தபடி வீடுதான்னு ஒரு எல்லை போட்டு முடிங்க. அந்த எல்லைதான் உங்க கருத்து. ஒரு பாராவுக்கு ஒரு பாயின்ட் போதும், நாலு பாயின்ட்ட அடுக்குனா ஒண்ணும் வளராது. அப்புறம் "ஃபர்தர்மோர், மோரோவர்"னு வாக்கியத்துக்கு வாக்கியம் ஆணி அடிக்காதீங்க, பேண்ட் 6 விவரிப்புலயே இணைப்புச் சொல்ல மெஷின் மாதிரி போடுறதப் பத்தி இருக்கு. பேண்ட் டிஸ்க்ரிப்டர், அதாவது எந்த ஸ்கோருக்கு எழுத்து எப்படி இருக்கணும்ங்கிற அந்த விவரிப்பு, ஐஇஎல்டிஎஸ் சைட்லயே ஃப்ரீயா கெடைக்கும், ஒரு தடவயாவது படிச்சுப் பாருங்க.

டெம்ப்ளேட்_தம்பி:
எல்லாரும் டெம்ப்ளேட்ட திட்டுறீங்க, எனக்கு எலும்புக்கூடு இல்லாம கையே ஓடாது. நாலு பாரா, முன்னுரை ரெண்டு வாக்கியம், அந்த அளவுக்கு வச்சுக்கலாம்ல அக்கா? ரெடிமேட் வாக்கியம் மட்டும் வேண்டாம். கம்ப்யூட்டர்ல எழுதுங்க, வேர்ட் கவுன்ட் ஸ்க்ரீன்லயே காட்டும், 250 தாண்டிருச்சான்னு எண்ணி டைம் வேஸ்ட் ஆகாது. ஸ்பெல்செக் கெடையாது, அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

சிவப்புப்_பேனா:
எலும்புக்கூடு தாராளமா வச்சுக்கோ தம்பி, சட்டைய மட்டும் இரவல் வாங்காத.

வார்டு_நைட்டூட்டி:
டூட்டி முடிஞ்சு பஸ்லயே எழுதிப் பாத்தேன். அந்த அம்மா பாரா மட்டும் 94 வார்த்தை வந்திருக்கு, இவ்ளோ ஈஸியா எப்பவும் வந்ததில்ல. முன்னுரையும் சேத்து கீழ ஃபோட்டோ போட்டிருக்கேன், பாருங்க மேடம்.

சிவப்புப்_பேனா:
பாரா நல்லா இருக்கு. முன்னுரை ரெண்டாவது வரில இன்னும் ப்ளெதோரா உக்காந்திருக்கே சிஸ்டர்.