பாரதி வீதி குடும்பம் (வாட்ஸ்அப் குழு): பிரகாஷின் ரேஸ் சைக்கிள்

சனிக்கிழமை

பிரகாஷ்: சேகர் மாமா, நீங்கள் அனுப்பிய டயர் இரண்டும் வந்துவிட்டன. ஆனால் டியூப் இல்லையே? உள்பக்கம் மூடித் தைத்திருக்கிறது.

சேகர் மாமா (லியோன், பிரான்ஸ்): டியூப் அந்தத் தையலுக்குள்தான் இருக்கிறது மாப்பிள்ளை. டியூபுலர் டயர் அப்படித்தான். உன் ரிம்மில் டயரைக் கவ்வும் விளிம்பு கிடையாது, லேசான குழிவு மட்டும். காற்றழுத்தமும் பசையும்தான் பிடித்து வைக்கும்.

பிரகாஷ்: தெருமுனைக் கடை அண்ணன், பஞ்சர் சொல்யூஷன் போதும் என்கிறார்.

சேகர் மாமா: போதாது! அது ரப்பரோடு ரப்பரை ஒட்டுவதற்கு. இங்கே டயரின் அடியில் பருத்திப் பட்டை, எதிரே அலுமினியம். ரிம் பசை என்றே கேட்டு வாங்கு. விட்டோரியா, கான்டினென்டல் இரண்டுமே செய்கின்றன. விமானத் தபாலில் பசையை ஏற்க மாட்டார்கள், அதனால்தான் பார்சலில் நான் வைக்கவில்லை.

சேகர் மாமா: அது வரும்வரை டயரைப் பசையில்லாமல் மாட்டிக் காற்றடித்து வை. புது டயர் இறுக்கமாக இருக்கும். இழுபட்டுத் தளர்ந்தால்தான் பசை நாளன்று கை வலிக்காது.

கலா: அண்ணா, அவனுக்குப் பரீட்சை இருக்கிறது 🙏

வியாழக்கிழமை

பிரகாஷ்: பசை வந்துவிட்டது. ரிம்மில் பழைய பசை கட்டி கட்டியாக இருக்கிறது.

சேகர் மாமா: கட்டியைச் சுரண்டி எடு. அப்புறம் அசிட்டோனில் துணி நனைத்துத் துடை. ஜன்னலைத் திறந்து வை, அடுப்புப் பக்கம் போகாதே.

நித்யா: இப்போது புரிகிறது. என் நெயில் பாலிஷ் ரிமூவர் எங்கே போனது என்று காலையிலிருந்து தேடுகிறேன் 😡

சேகர் மாமா: அதைத் திருப்பிக் கொடுத்துவிடு. நகம் வறண்டு போகாமலிருக்கப் பலவற்றில் எண்ணெய் சேர்ப்பார்கள். ரிம்மில் எண்ணெய் படிந்தால் டயர் ஒட்டாது. ஹார்டுவேர் கடையில் சுத்தமான அசிட்டோன் வாங்கு.

பிரகாஷ்: பசையை மொத்தமாகத் தடவிவிடலாமா?

சேகர் மாமா: கூடாது. மெல்லிய பூச்சாக ரிம்மில் ஒன்று, பட்டையில் ஒன்று. பட்டை முதல் பூச்சைக் குடித்துவிடும். நன்றாகக் காயவிட்டு மறுநாள் இரண்டாவது. மாட்டுவதற்குச் சற்று முன் ரிம்மில் மட்டும் கடைசிப் பூச்சு. ரிம்மின் ஓரம்வரை பசை போகவேண்டும். பலர் நடுவில் தடவிவிட்டு ஓரத்தை விட்டுவிடுகிறார்கள், டயர் உரிய ஆரம்பிப்பதே அங்கேதான்.

நித்யா: உரிந்தால் என்ன ஆகும்?

சேகர் மாமா: 2003 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம், ஜூலை 14. கேப் ஊருக்கு இறங்கும் சாலையில் வெயிலுக்குத் தார் உருகியிருந்தது. ஜோசெபா பெலோகி என்ற வீரரின் பின்சக்கரம் வழுக்கி, டயர் ரிம்மைவிட்டுக் கழன்றது. தொடை எலும்பு, முழங்கை, மணிக்கட்டு எல்லாம் முறிந்தன. பின்னால் வந்த இன்னொரு வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் வயலுக்குள் இறங்கிக் குறுக்கே ஓட்டித் தப்பித்தார்.

கலா: பிரகாஷ், அந்தச் சைக்கிளை விற்றுவிடு.

சேகர் மாமா: கலா, அது மலையிறக்கம். நீளமாகப் பிரேக் பிடித்தால் ரிம் சூடேறிப் பசை இளகும். புதுச்சேரியில் மலை எங்கே இருக்கிறது? வெயிலில் நிறுத்தாமல் இருந்தால் சரி.

கலா: நம் ஊர் வெயில் உங்களுக்கு மறந்துவிட்டது அண்ணா.

தாத்தா: 👍🌹 இனிய காலை வணக்கம்

சனிக்கிழமை

பிரகாஷ்: இன்று மாட்டப் போகிறேன்.

சேகர் மாமா: டயருக்கு உருவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று. சக்கரத்தை நிறுத்தி, வால்வை மேலே நுழைத்து, இரு கையாலும் இரண்டு பக்கமும் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே வா. கடைசிச் சாண் அடம்பிடிக்கும், கட்டைவிரலால் தள்ளு. இரும்புக் கம்பி எதையும் நுழைக்காதே, உள்ளே டியூப் கிழியும். பிறகு சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, வளைந்த இடத்தைத் தூக்கி நேராக்கு. பசை ஈரமாக இருக்கும்போதே செய்யவேண்டும்.

பிரகாஷ்: முடிந்தது! கை, சட்டை, தரை எல்லாம் பசை.

கலா: தரையைப் பார்த்தேன்.

சேகர் மாமா: முழுக் காற்றடித்து, 24 மணி நேரம் தொடாதே. அப்புறம் காற்றை இறக்கி, கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளிப் பார்.

ஞாயிற்றுக்கிழமை

பிரகாஷ்: வால்வுக்கு எதிர்ப்பக்கம் இரண்டு விரல் நீளத்துக்கு உரிகிறது மாமா. மற்ற இடமெல்லாம் அசையவில்லை. அப்படியே ஓட்டலாமா?

சேகர் மாமா: ஓட்டாதே. அந்த இடத்தை மட்டும் தூக்கி, ரிம்மிலும் பட்டையிலும் பசை தடவி அழுத்து. மறுபடி ஒரு நாள் காற்றோடு வை.

பிரகாஷ்: நாளை காலேஜுக்கு?

கலா: பஸ்.