குரல் நாண் வளர்ச்சிகளுக்கான லேசர்: இரண்டு வகைக்கும் பெயர் தேவை

தக்கலை, பேச்சுப் பயிற்சியாளர்:

குழுவினருக்கு வணக்கம். ஏப்ரல் 16 உலகக் குரல் நாளுக்குள், குரல் நாணில் (தொண்டையில் அதிர்ந்து குரலை எழுப்பும் மடிப்பில்) உண்டாகும் வளர்ச்சிகளைப் பற்றிய கையேடு ஒன்றை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஆசிரியர்கள், வில்லிசைக் கலைஞர்கள், மீன் ஏலம் கூறுவோர் எனத் தொண்டையை நம்பிப் பிழைப்பவர்களுக்காக எழுதுகிறேன். முடிச்சு, நீர்க்கட்டி, மரு ஆகிய சொற்களில் சிக்கல் இல்லை; லேசரில்தான் இடறுகிறது. கார்பன் டை ஆக்சைடு லேசரின் 10,600 நானோமீட்டர் ஒளியைத் திசுவிலுள்ள நீர் உறிஞ்சுவதால் அது வெட்டுகிறது. கே.டி.பி. (பொட்டாசியம் டைட்டனைல் பாஸ்பேட் படிகம் கொண்ட) லேசரின் 532 நானோமீட்டர் பச்சை ஒளியையோ குருதியின் ஹீமோகுளோபின் உறிஞ்சுகிறது. அதனால் அது வளர்ச்சிக்கு உணவூட்டும் நுண்குழாய்களை அடைத்து அதனை வற்றச் செய்கிறது. இரண்டையும் வேறுபடுத்தும் சொற்களைத் தந்து உதவுங்கள்.

மார்த்தாண்டம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, சீரொளி என்ற நல்ல சொல் இருக்க லேசர் எதற்கு? முதலாவதை அறுவொளி எனலாம். அறுத்த, அறுக்கின்ற, அறுக்கும் என முக்காலமும் கரந்த வினைத்தொகை அது. இரண்டாவது, வற்றச் செய்வதால், சுண்டொளி. குரல் நாண் என்பதையும் மிடற்று நாண் எனத் திருத்துங்கள்; மிடறு என்றால் தொண்டை. உந்தியில் எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெறுவதாகத் தொல்காப்பியப் பிறப்பியல் கூறுகிறது. அந்நூலைக் கேட்ட அதங்கோட்டாசான் நம் விளவங்கோட்டுக்காரர் என்று பெருமை பேசும் நாம், மிடற்றைக் கைவிடலாமா?

குழித்துறை, கல்லூரி மாணவர்:

ஐயா, அறுவொளி என்றால் அறுசுவை, அறுமுகம் வரிசையில் ஆறு ஒளிகள் என்றல்லவா படிப்பார்கள்? சுண்டொளியோ இன்னும் இடர். நம் பக்கம் சுண்டு என்றால் உதடு. உதட்டுக்கு வைத்தியம் என்று எண்ணிக் கையேட்டை மூடிவிடுவார்கள்.

மார்த்தாண்டம், தமிழாசிரியர்:

தம்பி, உயிரெழுத்து வரும்போது ஆறு என்பது குறுகாது. ஆறாயிரம் என்பதைப்போல ஆறொளி என்றே புணரும். ஆகவே மயக்கத்துக்கு இடமில்லை. உதடு பற்றிய தடையை ஏற்கிறேன். வற்றொளி என்று கொள்க.

நாகர்கோவில், காது மூக்கு தொண்டை மருத்துவர்:

புணர்ச்சி விதியை அறிந்துகொண்டு என் அறைக்குள் நுழையும் நோயாளி எவரும் இல்லை, ஐயா. அவர்கள் கேட்பது மூன்றே: மயக்க மருந்து உண்டா, பேச்சு திரும்புமா, மறுபடியும் வளருமா. வெட்டும் லேசரைப் பெரும்பாலும் முழு மயக்கத்தில், நுண்ணோக்கியின் துணையுடன் பயன்படுத்துகிறோம். கே.டி.பி. லேசரின் மெல்லிய இழையை மூக்கு வழியாகச் செல்லும் உள்நோக்கியினூடே செலுத்தி, தொண்டையை மட்டும் மரக்கச் செய்து, விழித்திருக்கும்போதே சிகிச்சை அளிக்க முடியும். எச்.பி.வி. (மனித பாப்பிலோமா வைரஸ்) 6, 11 ஆகிய தீநுண்ம வகைகளால் வரும் மரு திரும்பத் திரும்ப முளைப்பதால், இந்த வசதி பெரிது. கத்திப் பேசுவதால் வரும் முடிச்சுக்கு லேசரே முதல் வழியன்று. குரல் பயிற்சிதான் முதலில். வெண்திட்டு இருந்தால், ஒளியால் பொசுக்கும் முன் சோதனைக்குத் திசு எடுத்தாக வேண்டும், ஏனெனில் பொசுங்கியதை ஆய்வகத்தில் சோதிக்க இயலாது. இவற்றுக்குப் பக்கம் ஒதுக்குங்கள். பெயர் 'வெட்டும் லேசர்', 'குழாய் அடைக்கும் லேசர்' என்று இருந்தால் போதும்.

தக்கலை, பேச்சுப் பயிற்சியாளர்:

அச்சகம் நாளைக் காலைக்குள் கேட்பதாலும், மறுமொழி அனுப்பியோரில் பெரும்பாலோர் மருத்துவர் பக்கம் சாய்ந்திருப்பதாலும், அவர் கூறிய பெயர்களையே இடுகிறேன். சீரொளி, அறுவொளி, வற்றொளி மூன்றும் பின்னிணைப்பில் வரும். குரல் நாண் மாறாது.

மார்த்தாண்டம், தமிழாசிரியர்:

பின்னிணைப்பை யார் படிப்பார்? என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். பெயர்ச்சொல்லாக நிற்க வேண்டியதைப் பெயரெச்சத் தொடராக்கிவிட்டீர்கள். 'குழாய் அடைக்கும்' என்பது நோயின் பெயரா மருந்தின் பெயரா என்று கேட்கும் வாசகருக்கு மருத்துவரே விடை சொல்லட்டும். 'சிகிச்சை' என்பதை 'மருத்துவம்' ஆக்குவது பற்றி நாளைக் காலைக்குள் எழுதுகிறேன்.