நிலக்கரி தோண்டின இடத்தில் செம்மறி மேயுமா?

மாவிட்டபுரத்தான்:
கனடாவின் அல்பேர்ட்டாவில் இருக்கும் தம்பி ஒரு படம் அனுப்பியிருக்கிறான். அங்கே ஹின்டன் என்ற ஊருக்குத் தெற்கே ஒரு பழைய நிலக்கரிச் சுரங்கம். வெட்டுப்பாறையின் அடியில் முப்பது நாற்பது காட்டுச் செம்மறிகள். கிடாய்களின் கொம்பு காதைச் சுற்றி வளைந்து நிற்கிறது. வேட்டைக்காரர் இதற்காகவே அங்கே போகிறார்களாம். கரி தோண்டின இடத்தில் மிருகம் எப்படிப் பெருகும்? எங்கள் பக்கத்தில் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்குச் சுண்ணக்கல் வெட்டிய கிடங்குகள் 1990இலிருந்து சும்மா கிடக்கின்றன. போன கிழமை எட்டிப் பார்த்தேன். இரண்டு நீர்க்காகம், ஒரு உடும்பு, மற்றப்படி பிளாஸ்டிக் போத்தல்.

ஹின்டன் குளிர்:
அண்ணை, படம் உண்மைதான். நான் அந்தப் பக்கம் லொறி ஓட்டினவன். பிக்ஹோர்ன் என்ற இந்தக் காட்டுச் செம்மறிக்கு வேண்டியது இரண்டு: மேயப் புல், ஓநாய் வந்தால் ஏறித் தப்பச் செங்குத்துப் பாறை. அங்குள்ள லஸ்கர், கிரெக் ரிவர் சுரங்கங்களில் கரி எடுத்த பிறகு மண்ணை நிரவிப் புல்லும் அல்ஃபால்ஃபா என்ற தீவனப் பயிரும் விதைத்தார்கள். கரி வெட்டின இடத்துச் செங்குத்துப் பாறைச்சுவர் சிலவற்றை இடிக்காமல் விட்டார்கள். அவ்வளவுதான், ஜாஸ்பர் மலைப்பக்கத்து ஆடுகளுக்கு அது சாப்பாட்டுக்கடை ஆகிவிட்டது. ஆனால் நான் ஓட்டின காலத்தில் சுரங்க எல்லைக்குள் சுட விடமாட்டார்கள். வேட்டைக்காரர் கோட்டுக்கு வெளியே குளிரில் விறைத்தபடி காத்திருப்பார்கள், கிடாய் கோட்டுக்கு உள்ளே படுத்து அசைபோடும். அதுக்கும் சட்டம் தெரியும் போல!

படத்தில் தெரியாதது ஒன்று. கழிவுக்கல்லில் ஊறிய மழைத்தண்ணீர் செலீனியம் என்ற தாதுப்பொருளை ஓடைக்குக் கொண்டுபோகிறது. அது மீன் முட்டையில் சேர்ந்தால் குஞ்சு கோணலாகப் பொரிக்கும்.

கீரிமலைக் காற்று:
அங்கே விதைத்தார்கள், இங்கே தோண்டினதோடு சரி. சுண்ணக்கல்லில் எங்கும் வெடிப்பும் பொந்தும். கிடங்கில் நிற்பதும் எங்கள் கிணற்றில் இறைப்பதும் ஒரே நிலத்தடித் தண்ணீர். அதற்குள் குப்பை கொட்டுகிறவனைத்தான் முதலில் பிடிக்கவேண்டும். ஆடு வராது அண்ணை, ஆனால் பற்றைக்குள் கவுதாரி இன்னும் கத்துகிறது, முயலும் உண்டு. துவக்கு யோசனை ஏதும் இருந்தால் இப்பவே விட்டுவிடுங்கள்.

மாவிட்டபுரத்தான்:
துவக்கா? என்னிடம் இருப்பது அப்புவின் பழைய குடை மட்டும்தான். கவுதாரி எந்தப் பக்கம் கத்துகிறது, பனங்கூடல் பக்கமா? ஞாயிறு விடியப் போகிறேன். கூட வருகிறவர் சாக்கு ஒன்று கொண்டுவரவும், போத்தல் நிறையக் கிடக்கிறது.