கழிமுகத்து இரைமீன்கள்: வலையில் கிடைத்ததும் நீரில் இருந்ததும்

கழிமுக மீன்களைக் கண்காணிக்கும் மூவரின் பகிர்வுகள் இவை.

முதல் பகிர்வு

கழிமுகத்தின் ஆழமற்ற கரையோர நீரில் மாதந்தோறும் சிறுவலை இழுத்து, பெரிய மீன்களுக்கும் பறவைகளுக்கும் இரையாகும் நெத்திலி, சாளை போன்ற இரைமீன்களின் குஞ்சுகளைக் கணக்கெடுக்கும் பணியில் இருக்கிறேன். வலையில் விழும் எண்ணிக்கை வேறு, நீரில் இருக்கும் மீனின் அளவு வேறு என்பதே இந்த வேலை எனக்கு உணர்த்திய முதன்மையான செய்தி. ஒரே இடத்தில், ஒரே நாளில், நீர் ஏறும்போது இழுத்த வலை ஏறக்குறைய வெறுமையாக வந்தது. நீர் வற்றத் தொடங்கியபின் இழுத்தபோது வலையின் பை போன்ற மடி கனத்து, குஞ்சுகளால் நிறைந்திருந்தது. வற்றுநீரின் இழுப்பில் கடலுக்கு அடித்துச் செல்லப்படாமல் இருக்க, சிறுமீன்கள் பல வேகம் குறைந்த ஓரங்களுக்கு ஒதுங்குகின்றன. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ கழிமுகத்தில் மட்டுமே வாழும் டெல்டா ஸ்மெல்ட் என்னும் சிறுமீனிடமும் ஆய்வாளர்கள் இந்தப் பழக்கத்தைக் கண்டிருக்கிறார்கள். ஆகவே, மீனை எண்ணுவதற்கு முன்பே நேரம், ஏற்றமா வற்றமா என்பது, உப்புத்தன்மை, வெப்பநிலை, நீரின் கலங்கல் ஆகியவற்றை எழுதிவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். இவை இல்லாத எண்ணிக்கையைப் பிற ஆண்டுகளோடு ஒப்பிட வழியே இல்லை.

மீனைக் கையாளும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாளை இனத்து மீன்களின் செதில் தொட்டாலே உதிர்ந்து விரலில் ஒட்டிக்கொள்ளும்; செதில் இழந்த மீனை நீரில் விட்டாலும் அது பிழைப்பது அரிது. எனவே நாங்கள் மடியைக் கரையேற்றாமல் நீரிலேயே தாங்கிப் பிடித்து, வாளியால் நீரோடு முகந்து, காற்றூட்டிய தொட்டிக்கு மாற்றுகிறோம். கையையும் அளவுப் பலகையையும் நனைத்துக்கொண்டு, மூக்கு நுனியிலிருந்து வால் பிளவு வரை மில்லிமீட்டரில் அளக்கிறோம். ஒவ்வோர் இனத்திலும் ஒரு பகுதியை மட்டும் அளந்து, மற்றவற்றை எண்ணியவுடன் விட்டுவிடுகிறோம். இந்த நீள அளவுகளை வெறும் சடங்காகக் கருதுவோர் உண்டு. நான் அதை ஏற்கமாட்டேன். எண்ணிக்கை நன்றாக இருந்தும் வலையில் பெரிய மீன்கள் மட்டுமே தென்பட்டால், அந்த ஆண்டின் குஞ்சுகள் தப்பிப் பிழைக்கவில்லையோ என்ற ஐயத்தை அந்த அளவுகள்தாம் முதலில் எழுப்புகின்றன.

இரண்டாம் பகிர்வு

மேலே குறிப்பிடப்பட்ட டெல்டா ஸ்மெல்ட்டின் கதை, நீண்டகாலக் கண்காணிப்பின் அருமையைக் காட்டுகிறது. அது வாழும் சான் பிரான்சிஸ்கோ கழிமுகத்தில் 1967-இல் தொடங்கிய இலையுதிர்கால நடுநீர் இழுவலைக் கணக்கெடுப்பு, கோடுபோட்ட பாஸ் என்னும் கொன்றுண்ணி மீனின் குஞ்சுகளுக்காகவே திட்டமிடப்பட்டது. ஆயினும் வலையில் வந்த பிற மீன்களையும் எழுதி வைத்ததால்தான், யாரும் பொருட்படுத்தாத ஒரு சிறுமீன் குறைந்துகொண்டே வந்தது வெளிப்பட்டது. 1993-இல் அம்மீன் அமெரிக்கக் கூட்டரசின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது. 2018-இல் அந்தக் கணக்கெடுப்பில் டெல்டா ஸ்மெல்ட்டின் குறியீடு, அதாவது வலையில் கிடைத்த மீனைக் கொண்டு கணக்கிடும் ஒப்பீட்டு எண், சுழியாயிற்று. ஆனால் அந்த மீனுக்கென்றே தனியாக, அடர்த்தியாக நடத்தப்பட்ட மற்றொரு கணக்கெடுப்பில் அதற்குப் பின்னரும் சில மீன்கள் கிடைத்தன. ஆகவே சுழி என்பதை, அந்த வலைக்கு எட்டாத அளவுக்கு மீன் அருகிவிட்டது என்றே படிக்க வேண்டும். அற்றுப்போயிற்று என்று படிப்பது தவறு. நன்னீர் வரத்துக் குறைவு, 1986-இல் அங்கே கண்டறியப்பட்ட அயல்நாட்டுச் சிப்பி மீனுக்கு உணவான, நீரில் மிதக்கும் நுண்ணிய உயிரிகளை வடிகட்டித் தின்றது எனக் காரணங்கள் பல சேர்ந்திருப்பதால், மீன்பிடிப்பை மட்டும் கட்டுப்படுத்தி அதை மீட்டிருக்க முடியாது.

எங்கள் திட்டத்தில் பழைய வலைக்கு மாற்றாக கண்ணின் (துளையின்) அளவு வேறான வலைக்கு மாற நேர்ந்தபோது, ஒரு பருவம் முழுவதும் இரண்டையும் அருகருகே இழுத்து ஒப்பிட்டோம். செலவும் உழைப்பும் இரட்டித்தன. ஆனால் சிறு கண் வலை மிகச் சிறிய குஞ்சுகளை எவ்வளவு கூடுதலாகப் பிடிக்கிறது என்பது தெரிந்ததால், பழைய ஆண்டுகளின் பதிவுகள் வீணாகவில்லை.

மூன்றாம் பகிர்வு

எங்கள் பணி முட்டைக் கணக்கெடுப்பு. சாளையின் உறவான ஹெர்ரிங் மீன்கள் கடற்புல்லிலும் பாறையிலும் ஒட்டும் முட்டைகளை இடுகின்றன. முட்டை படிந்த பரப்பையும், மாதிரிப் புல்லிலுள்ள முட்டைகளின் அடர்த்தியையும் அளந்தால், அவற்றை இட்ட தாய்மீன்களின் மொத்த எடையை மதிப்பிடலாம். அடுத்த பருவத்தில் எவ்வளவு பிடிக்க விடலாம் என்பதை அதிலிருந்து முடிவு செய்யலாம். அந்த அளவை வரையறுக்கும்போது, அந்த மீனையே நம்பியிருக்கும் பறவைகளின் பங்கை முதலில் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இரைமீன் இருப்பு, அதன் உச்ச அளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கும்போது கடற்பறவைகளின் இனப்பெருக்கம் சரிகிறது என்று, பல கடற்பகுதிகளின் தரவுகளைத் தொகுத்து 2011-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

ஒட்டிய முட்டைகள் பொரிக்க ஏறக்குறைய பத்து நாள் ஆகும். அதுவரை அவற்றால் எங்கும் விலகிச் செல்ல இயலாது. 2007 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஒரு சரக்குக் கப்பலிலிருந்து ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் எண்ணெய் கொட்டியது. அடுத்து வந்த முட்டையிடும் பருவத்தில், எண்ணெய் படிந்த கரைகளில் ஹெர்ரிங் கருக்கள் பெருமளவில் மடிந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். எங்கள் பகுதியில் புதிய முட்டைத் திட்டு தென்பட்டவுடன் அதன் எல்லையை வரைபடத்தில் குறித்து, வண்டல் அள்ளும் பணியை மேற்பார்க்கும் அலுவலகத்துக்கு அன்றே அனுப்பிவிடுகிறோம். முட்டை பொரியும் வரை அள்ளும் கலம் வேறு பகுதிக்கு மாற்றப்படுகிறது.